ஜோடி சைக்கிள்

ரீக்காவின் சைக்கிள் நீச்சல்குளத்துக்குப் போகும் வழியில், பாலத்து இறக்கத்தில் உயிரை விட்டது. முன்சக்கரத்துக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இத்தனை வருடம் சுமந்தவளைக் கடைசியில் கீழே தள்ளுவானேன் என்று அதற்கே தோன்றியதோ என்னவோ, மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து அவளைப் பதமாக இறக்கிவிட்டது.

அவள் அதைத் தள்ளிக்கொண்டே யோரிஸின் சைக்கிள் கடைக்குப் போனாள். யோரிஸ் குனிந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான். ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் டாக்டரின் முகத்தோடு நிமிர்ந்தான்.

“முன்சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க் விரிசல் விட்டுடுச்சு மேடம்.”

“வெல்டு வைக்க முடியாதா?”

“வைக்கலாம். அப்புறம் உங்களுக்கும் வைக்க வேண்டியிருக்கும்.”

ரீக்கா பையை மட்டும் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“புதுசு பாருங்களேன். தினமும் எங்கெங்க ஓட்டுவீங்கன்னு சொல்லுங்க, அதுக்குத் தோதா ஒண்ணு எடுத்துடலாம்” என்றான் யோரிஸ்.

“இன்னிக்கு வேண்டாம். நீச்சல் வகுப்புப் புள்ளைங்க தண்ணில குதிக்கறதுக்குள்ள நான் போய் நிக்கணும்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

எல்லோரும் சைக்கிளில் போகும் டெவன்டர் ஊரில் நடந்து போகிறவரைப் பார்த்தால் யாரும், “என்ன, சைக்கிளுக்கு என்ன ஆச்சு?” என்றுதான் கேட்பார்கள். அன்று குளம் போய்ச் சேர்வதற்குள் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். மதியத்துக்குள் செய்தி ஏவர்ட்டின் காதுக்கும் போய்விட்டது.

ஏவர்ட்டை அவளுக்குக் குளத்தில்தான் பழக்கம். முதியோர் நீந்தும் காலை வேளையில் வருவார். மல்லாந்து நீந்துவார். மேற்கூரையைப் பார்த்தபடி ஏதோ பேசிக்கொண்டே போய் எதிரே வருகிறவர் மேல் மோதுவார். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தரும் நீளக் கழியால் ரீக்கா அவரை ஒருநாள் ஓரமாகத் தள்ளிவிட, அவர் அதைப் பிடித்துக்கொண்டே, “காப்பி சாப்பிட வரீங்களா?” என்று கேட்டார். மூன்றாவது காப்பியில் 'நீங்க' போய் 'நீ' வந்தது. அதற்குப் பிறகு ஒரு குளிர்காலமும் போய்விட்டது. அவள் தனியாகவே இருந்து பழகியவள். இளவயதில் ஒரு கல்யாணம் நடந்து முறிந்து, அதன் தழும்புகூட மறைந்துவிட்டது. அவர் மனைவி ஹெட்டியை இழந்தவர். இருவரும் அவரவர் வீட்டில் இருந்துகொண்டு வாரத்தில் சில மாலைகள் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பேசாமல் உட்காரவும் முடிந்தது. அதுதான் ரீக்காவுக்குப் பிடித்தது.

அன்று மாலை ஏவர்ட் தன் வீட்டில் அவளுக்குக் காப்பி ஊற்றினார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுத்து மூடினார். அந்த ஊர் வழக்கம் அது. டப்பா இரண்டாவது முறை திறப்பதில்லை. ஆனால் அன்று திறந்தது.

“இன்னொண்ணு எடுத்துக்கோ.”

“என்ன ஆச்சு உனக்கு?”

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“ரெண்டாவது பிஸ்கட் வந்தப்பவே எனக்குப் பயம் பிடிச்சுருச்சு. சொல்லு.”

“பின்னாடி ஷெட்ல ஹெட்டியோட சைக்கிள் சும்மாதானே நிக்குது?”

ரீக்கா பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தாள்.

அந்தச் சைக்கிளை அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அறுபதை நெருங்கும் தம்பதிகள் அங்கே ஒருநாள் கடைக்குப் போவார்கள். மோட்டார் வைத்த சைக்கிள் இரண்டு வாங்குவார்கள். ஒரே மாதிரி, ஒரே நிறம், பின்னால் தொங்கும் பைகூட ஒரே பூப்போட்டது. வெயில் அடிக்கும் நாளில் ஐசல் ஆற்றங்கரை மேட்டில் பார்த்தால் ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருப்பார்கள், மணலில் இறங்கிய வாத்துகளைப் போல. சின்ன வயசில் மாட்டிக்கொண்ட மோதிரம் விரலில் இறுகிக் கழற்ற முடியாமல் கிடக்கும், அது கணக்கில்லை. இந்தச் சைக்கிள்கள்தான் கணக்கு. இனி இருக்கும் காலம் முழுக்க உன் வேகத்துக்கு நான், என் வேகத்துக்கு நீ என்று ஊரறியச் சொல்லிக்கொள்வது.

ஏவர்ட்டும் ஹெட்டியும் கரும்பச்சையில் வாங்கினார்கள். ஹெட்டி போய் மூன்று வருடமாகிறது. அவருடையது வெளியே ஓடிக்கொண்டிருந்தது; அவளுடையது ஷெட்டில் நின்றது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று மாதம் ஒருமுறை அதற்கும் சார்ஜ் போட்டு வந்தார். தயிர் பாட்டிலின் அடியை வழிப்பதற்கென்றே நீளக் கரண்டி வைத்திருக்கும் மனிதர். அன்பளிப்பு சுற்றி வந்த காகிதத்தை நீவி மடித்து வைப்பார். ஒரு பொருள் வீணாகிறது என்றால் அவருக்கு இரவில் தூக்கம் வராது.

“ஞாயித்துக்கிழமை என் பையன் ரூபன் வரான். மாமியாருக்கு வேணும்னு அந்தச் சைக்கிளைக் கேட்டுக்கிட்டே இருக்கான்” என்றார் ஏவர்ட். “நீ எடுத்துக்கறேன்னா அவன்கிட்ட இல்லைன்னுடுவேன். இல்லேன்னா கார்ல ஏத்தி அனுப்பிடுவேன். எப்படியோ, சும்மா நிக்கக் கூடாது. அநியாயத்துக்கு வீணாப் போகுது, ரீக்கா.”

“யோசிச்சுச் சொல்றேனே.”

“என்ன யோசனை? ஓட்டிப் பாரு. நாலு நாள் வச்சுக்கோ. வா.”

ஷெட்டில் விளக்கைப் போட்டு வண்டியை வெளியே எடுத்தார். ரீக்கா ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கால்களும் தரையில் சரியாகப் பதிந்தன. ஏவர்ட்டின் முகம் பளிச்சென்று விரிந்தது.

“பாத்தியா? சீட்டைக்கூட ஏத்தி இறக்க வேண்டியதில்ல!”

வண்டியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் தொல்லையாக இருந்தது. மறுநாள், புதன்கிழமை காலை எதிர்காற்று உய் என்று வீசியது. பாலத்தின் மேல் பள்ளிப் பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழும்பி எழும்பி மிதித்தார்கள். ரீக்கா நிமிர்ந்து உட்கார்ந்தபடி, கடையில் காய் வாங்கப் போகிறவள் போல அவர்களைக் கடந்து போனாள். ஒரு பையன் பின்னாலிருந்து, “பாட்டி, அது ஏமாத்து!” என்று கத்தினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

குளத்துக் கதவு இன்னும் திறந்திருக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் அவள் வந்ததே இல்லை. கைகள் சில்லென்று இருந்தன. வாசலில் நின்றபோது என்னவோ ஒன்றை வழியில் மறந்து வைத்துவிட்டு வந்தது போலிருந்தது. பையைத் திறந்து பார்த்தாள். துண்டு இருந்தது, விசில் இருந்தது, ரொட்டி டப்பா இருந்தது.

அன்று பிள்ளைகள் உடுப்போடு நீந்தும் நாள். கால்வாய் நிறைந்த நாட்டில் பிள்ளை விழும்போது நீச்சலுடையிலா விழப்போகிறது என்பது அவர்கள் நியாயம். சட்டை, நீளக் கால்சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு வரிசையாகத் தொப் தொப்பென்று குதித்தார்கள். ரீக்கா கழியோடு கரையில் நின்றாள். பக்கத்தில் இன்னொரு கழியோடு லீஸ்பெத். இருபது வருடமாக இப்படித்தான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடியே இருவரும் எல்லாக் கதையும் பேசி வந்திருக்கிறார்கள்.

“வாசல்ல நிக்கறது ஹெட்டி வண்டிதானே?” என்றாள் லீஸ்பெத்.

“ஓட்டிப் பாக்கச் சொல்லிக் கொடுத்திருக்கார்.”

“அடியம்மா! அப்போ கேட்டுட்டாரா?”

“சைக்கிளைக் கொடுத்தார்டி. வேற ஒண்ணும் கேக்கல.”

“இந்த ஊர்ல வேற எப்படிடி கேப்பாங்க? மண்டி போட்டா? அந்த முட்டியோடயா?” லீஸ்பெத் கழியை நீட்டி ஒரு பையனைப் பிடித்துக்கொள்ளச் செய்தாள். “கால உதைடா ராஜா, ஷூ கனக்கத்தான் செய்யும். நல்ல வண்டி ரீக்கா. பேசாம எடுத்துக்கோ. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காத.”

“மாட்டைப் பத்திக் கவலையில்ல. அது வேற தொழுவத்து மாடு.”

“வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறவடி நீ.”

தண்ணீரில் ஒரு சிறுமியின் பாவாடை குடையாக விரிந்து மிதந்தது. வேண்டாம் என்று சொல்வதில் ரீக்காவுக்குத் தயக்கம் ஒன்றுதான். அந்த மனிதர் சைக்கிளையும் தன்னையும் பிரித்துப் பார்ப்பாரா? அவரையே வேண்டாம் என்றதாக எடுத்துக்கொண்டுவிட்டால் அந்தச் சும்மா உட்கார்ந்திருக்கும் மாலைகள் போய்விடும். சரி என்றால், வெட்டி எடுத்த இடத்தில் கச்சிதமாகப் பொருத்திய துண்டு மாதிரி இன்னொருத்தியின் மிச்சத்தில் போய் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டில் ஒன்று.

சனிக்கிழமை சந்தைக்கும் அதில்தான் போனாள். வண்டி அவளிடம் மெல்ல மெல்லத் தன் பழைய எஜமானியைக் காட்டிக்கொடுத்தது. பெல் இடப்பக்கம் இருந்தது. ஹெட்டி இடது கைக்காரி போலும். கைப்பிடி ரப்பரில் கட்டைவிரல் அழுத்தி அழுத்தி ஒரு குழி. ரீக்காவின் விரல் தானாக அதில் போய் உட்கார்ந்தது. எடுத்தாள். கவனம் கொஞ்சம் தப்பியதும் மறுபடி உட்கார்ந்தது.

சீஸ் கடைக்காரி முதலில் சைக்கிளைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

“அம்மாடி, ஒரு நிமிஷம் திக்குன்னு ஆயிடுச்சு எனக்கு. பரவால்ல, பரவால்ல... நல்ல விஷயந்தான். அவருக்கும் எத்தனை நாள் தனியா... சீரகம் போட்டதுதானே? அரைக்கிலோ?”

சொல்லிக்கொண்டே வெட்டித் தாளில் சுற்றிவிட்டாள். ரீக்காவுக்குச் சீரகம் போட்ட சீஸ் கண்டாலே ஆகாது. ஆனால் பின்னால் வரிசை நின்றது. கடைக்காரியின் கண்ணில் வேறு ஈரம். வாங்கிப் பூப்போட்ட பையில் போட்டுக்கொண்டாள்.

மதியம் ஏவர்ட் வந்தார். இருவரும் ஆற்றங்கரை மேட்டில் பக்கம் பக்கமாகப் போனார்கள். வெயில் இருந்தது. இரண்டு மோட்டார்களும் ஒரே சுருதியில் ரீங்கரித்தன. கீழே புல்வெளியில் மாடுகள் அசை போட்டபடி பார்த்தன. படகுத்துறை காப்பிக்கடையின் வெளி மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கையை உயர்த்தினார். பக்கத்து மேசையிலும் உயர்ந்தது. அந்தக் கைகள் தனக்குத்தானா என்று ரீக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது. பச்சை ஜோடி மறுபடி வெளியே வந்துவிட்டது என்று ஊர் மகிழ்ந்துகொண்டது. ஏவர்ட் பதிலுக்குக் கையசைத்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு வாயைத் திறக்கத்தான் வீடு வரைக்கும் ஆயிற்று.

“ஏவர்ட், இதை நான் எடுத்துக்கப் போறதில்ல” என்றாள் ஷெட் வாசலில்.

“ஏன்? என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல.”

“பின்ன?”

“இது ஹெட்டியோடது.”

“ஹெட்டி போய் மூணு வருஷமாச்சு.” அவர் குரல் கொஞ்சம் ஏறியது. “அவ சட்டையையா உன்னைப் போட்டுக்கச் சொன்னேன்? ரெண்டு சக்கரம், ஒரு மோட்டார். இது வெறும் சைக்கிள், ரீக்கா.”

“வெறும் சைக்கிள்தானே?”

“வெறும் சைக்கிள்தான்!”

“அப்போ நீ இதை வச்சுக்கோ. உன்னோடதை எனக்குக் கொடு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே நாள் வாங்கினது. நான் சீட்டை இறக்கிக்கறேன், நீ சீட்டை ஏத்திக்கோ. முடிஞ்சது விஷயம்.”

“நல்லாத்தான் இருக்கு கதை” என்று சிரித்தார் ஏவர்ட். “கொடு இங்க. எனக்கென்ன?”

அவர் உயரமான மனிதர். அதில் உட்கார்ந்தால் முட்டி மோவாயில் இடிக்கும். சீட்டை ஒரு சாணாவது ஏற்றியாக வேண்டும். குனிந்து சீட்டுக்குக் கீழே இருந்த லீவரில் கையை வைத்தார்.

வைத்த கை அப்படியே இருந்தது.

ரீக்கா காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. ஒரு புறா ஷெட் கூரையில் நடந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. லீவர் ஒன்றும் இறுகிப் போயிருக்கவில்லை. குழந்தை தட்டினாலும் திறக்கும். அவள் கை கொடுக்கப் போகவில்லை. எந்த மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஏவர்ட் நிமிராமலே பேசினார்.

“கடையில இந்தச் சீட்டுக்கு ஹெட்டி ஒரு மணி நேரம் ஆக்கினா. ஒரு நூல் மேல, ஒரு நூல் கீழன்னு. அந்தக் கடைப் பையன் அழாத குறை. சரியா வந்ததும், இனிமே இதை யாரும் தொடக் கூடாதுன்னா.”

“ம்.”

“யாரும் தொடல.”

கையை லீவரிலிருந்து எடுத்து முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

“அன்னிக்கு நீ ஏறி உக்காந்தப்போ, தொட வேண்டியிருக்கலைன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, ரீக்கா. அவ்வளவு சந்தோஷம்...” லீவரைப் பார்த்தபடியே, “தப்புதான்” என்றார்.

“தப்புன்னு நான் சொல்லல.”

“உனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“சீரகச் சீஸ் வாங்கிட்டு வந்துட்டேன்” என்றாள் ரீக்கா. “அரைக்கிலோ. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.”

ஏவர்ட் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “எனக்கும் பிடிக்காதே. ஹெட்டிதான் சாப்பிடுவா.”

இருவருக்கும் எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஏவர்ட் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு துடைப்பதை மட்டும் செய்துகொண்டிருந்தார். ரீக்கா வண்டியை உள்ளே தள்ளி அதன் பழைய இடத்தில் நிறுத்தினாள். சார்ஜர் வயரை எடுத்து அவரே மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ரூபன் காரின் பின்னால் சைக்கிள் மாட்டும் சட்டத்தோடு வந்து, வெறும் சட்டத்தோடு திரும்பிப் போனான். அன்று மாலை ஏவர்ட் போன் செய்து சொன்னார்.

“கொடுக்கலன்னுட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“‘ஷெட்ல வச்சு என்ன பண்ணப் போறீங்க, வீணாத்தானே போகும்?’னான்.”

“நீ என்ன சொன்னே?”

“வீணாப் போகட்டும்னேன்.”

அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததை இருவருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உனக்கு ஒரு வருத்தமும் இல்லையே?” என்று கேட்டார் ஏவர்ட்.

“அது அங்கயே நிக்கட்டும். எனக்குத்தான் இப்போ சைக்கிள் இல்ல. நாளைக்கும் நடந்து போனேன்னா ஊர்ல பணம் திரட்டிடுவாங்க.”

“நானும் கடைக்கு வரட்டுமா? வாய் திறக்க மாட்டேன்.”

“உன்னால முடியாது. வா.”

யோரிஸ் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் மலர்ந்துபோனான். “ஜோடியாப் பாக்கறீங்களா? இந்த வருஷம் நீலத்துல...”

“இல்ல!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“சரி சரி.” யோரிஸ் இரு கையையும் உயர்த்தினான். “அப்போ முதல்ல கேட்டதுலேருந்து வரேன். தினமும் எங்க ஓட்டறீங்க?”

ரீக்கா சொன்னாள். வீட்டிலிருந்து பாலம் தாண்டிக் குளம். குளத்திலிருந்து வீடு. சனிக்கிழமை சந்தை. மழையிலும் போக வேண்டும், பனியிலும் போக வேண்டும். முன்னால் ஒரு பெரிய பை. திரும்பும்போது அதில் ஈரத் துண்டுகள், பிள்ளைகள் விட்டுப் போகிற காலுறைகள், செங்கல் கனம் கனக்கும். வீட்டுப் பின்சந்துக் கதவு குறுகல்.

முதலில் அவன் ஒல்லியாக, வேகமானதாக ஒன்றைக் கொண்டு வந்தான். ஏறி உட்கார்ந்ததும் மூக்கு முன்சக்கரத்துக்கு மேல் வந்தது.

“நல்லா இருக்கு. பறக்குது” என்றாள். “ஆனா ரோட்டைத் தவிர ஒண்ணும் தெரியல. நான் என்ன தொலைச்சேன், தேடிக்கிட்டே போறதுக்கு?”

அடுத்தது முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டி. அதைச் சுற்றிப் பார்த்த ஏவர்ட், “இதுல என்னையும் தூக்கிப் போட்டுக்கலாம்” என்றார்.

“வாய் திறக்க மாட்டேன்னு சொன்ன ஆளு.”

“அளவு பாத்தேன்.”

சந்துக் கதவில் அது நுழையாது. அது போயிற்று. பிறகு மோட்டார் வைத்தது, வெண்ணெய் நிறத்தில். அதை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய் வந்தாள். யோரிஸ், ஏவர்ட் இருவரும் வாசலில் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்கள் போல நின்றார்கள்.

“எதிர்காத்து தெரிஞ்சுதா?” என்றான் யோரிஸ் பெருமையாக.

“தெரியல” என்றாள் ரீக்கா. அந்தத் 'தெரியல'வைச் சொல்லும்போதே, அந்தப் புதன்கிழமை காலை குளத்து வாசலில் நின்றுகொண்டு பையில் எதைத் தேடினாள் என்பது அவளுக்கு விளங்கியது. வீட்டிலிருந்து குளம் வரைக்குமான அந்த வழிதான் அவள் நாளில் யாரோடும் பேச வேண்டாத நேரம். எதிர்காற்று இருந்தால் நீளும், இல்லாவிட்டால் சுருங்கும். நேற்று நடந்ததும் நாளை நடக்க வேண்டியதும் மிதிக்க மிதிக்க உதிர்ந்துபோய், உடம்பு சூடாகி, தலை காலியாகிப் போய் நிற்பாள். அப்புறம் இருபது பிள்ளைகளின் கூச்சலைத் தாங்கலாம். மோட்டார் அந்த நேரத்தைக் கடித்துத் தின்றுவிடுகிறது. குளிர்ந்த கையோடும் நிறைந்த தலையோடும் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

இதையெல்லாம் கடையில் சொல்ல முடியாது. “எனக்கு அவ்வளவு சீக்கிரம் போக வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள்.

யோரிஸ் தலையைச் சொறிந்தான். அவன் தொழிலில் யாரும் கேட்காத வரம் அது. பின்னறைக்குப் போய்க் கறுப்பாக ஒன்றை உருட்டி வந்தான். மோட்டார் கிடையாது. நேராக நிமிர்ந்து உட்காரும் வண்டி. கால் தூக்கிப் போடக் கம்பி குறுக்கே இல்லை. சங்கிலி முழுக்க மூடி, மழை படாது. முன் கேரியர் ஹேண்டில்பாரோடு திரும்பாமல் வண்டியின் உடம்போடு பொருத்தியது. செங்கல் கனப் பை வைத்தாலும் வளைவில் இழுக்காது. மூன்றே கியர்.

“இது வயசான... இல்ல, பழைய மாடல்” என்று இழுத்தான்.

“வயசானவங்க மோட்டார்ல போறாங்கப்பா. இது என் மாதிரி சின்னப் பொண்ணுங்களுக்கு.”

ஏறி உட்கார்ந்தாள். சீட் ஒரு விரல் உயரமாக இருந்தது. யோரிஸ் ஸ்பானரை எடுப்பதற்குள் ஏவர்ட் அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு குனிந்தார்.

“எவ்வளவு?”

“கொஞ்சம்.”

“இப்போ?”

“இன்னும் ஒரு நூல். போதும். அடடா, போதும்னா விடேன்.”

“யாரும் தொடக் கூடாதா இனிமே?”

“யார் வேணா தொடலாம்” என்றாள் ரீக்கா. “குளத்துல லீஸ்பெத் தினம் இரவல் கேப்பா.”

திரும்பும்போது ஆற்றங்கரை வழியாகவே போகலாம் என்றார் ஏவர்ட். மேட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. கறுப்பு வண்டி புதுசு, சீட் தோல் கட்டை மாதிரி இருந்தது. ரீக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஏவர்ட்டின் பச்சை வண்டி தன் பாட்டுக்கு முன்னே போயிற்று. திரும்பிப் பார்த்து நின்றார். அவள் வந்து சேர்ந்தாள். மறுபடி போனார். மறுபடி நின்றார்.

“இப்படி நின்னு நின்னு போனா வீடு போய்ச் சேர அடுத்த வருஷம் ஆயிடும்” என்று கத்தினாள் ரீக்கா.

“மோட்டாரை நிறுத்திடவா?”

“அந்தக் கனத்தை மிதிச்சேன்னா உன்னை ஆம்புலன்ஸ்லதான் கொண்டு போகணும். நீ உன் பாட்டுக்குப் போ.”

அவர் போகவில்லை. வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்துக்கு வந்தார், காற்று வரும் பக்கமாக. ஒரு கையை ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டி அவள் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, விரித்து வைத்தார். அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகும்போது அண்ணன் தங்கையைத் தள்ளிக்கொண்டு போவது அப்படித்தான். மோட்டாரின் பலம் அவர் கை வழியாக வந்து அவளை உந்தியது. இரு வண்டியும் ஒரே வேகத்தில் போனாலொழிய அது நடக்காது. ஒரு முழம் முந்தினால் கை நழுவும், பிந்தினால் ஆள் விழுவார்.

“இதுவும் ஏமாத்துதான்” என்றாள் ரீக்கா.

“வேண்டாமா?”

“குளத்துக்குப் போறப்ப வேண்டாம். அது என் வழி. மத்தபடி... அந்த வளைவு வரைக்கும் இருக்கட்டும்.”

காப்பிக்கடை மேசைகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பச்சை, ஒரு கறுப்பு. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கை பாதி உயர்ந்து நின்றது. ரீக்கா பெல்லை அடித்தாள். கை முழுசாக உயர்ந்து அசைந்தது.

வளைவு வந்தது. ஆறு திரும்பியது, பாதையும் திரும்பியது, காற்று இப்போது இருவருக்கும் பின்னாலிருந்து வீசியது. வண்டி தானாகவே உருண்டது. இனி தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. அவர் கை அங்கேயே இருந்தது. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.